டிக்கியில் தூங்கிய சிவப்புப் பை

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் காரில் போய்வரும் நம்மவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கார் சாமான் கடைகளில் ஜிப் வைத்த ஒரு சிவப்புப் பை தொங்கும், பார்த்திருப்பீர்கள். எமர்ஜென்சி கிட். ஜம்பர் கேபிள், வண்டி இழுக்கும் கயிறு, எச்சரிக்கை முக்கோணம், டார்ச், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், மினுமினுக்கும் போர்வை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். 2024 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியா பக்கம் ஒரு கடையில் 899 ராண்டுக்கு ஒன்று வாங்கினேன். கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் 50 ராண்ட் குறைக்கிறேன் என்றார் கடைக்காரர். கல்லா முன்னால் நின்றபடியே போட்டேன். 'தரமான பொருள்' என்று ஒரு வரி வேறு. பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நேராக டிக்கிக்குள் போட்டுவிட்டேன்.

திறந்தது செப்டம்பர் 21 காலையில்தான். அதுவும் என்3 நெடுஞ்சாலையில், ஹாரிஸ்மித் தாண்டி, வேன் ரீனன் மலைப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால், கால் புதையும் பனியில்.

அன்று புரட்டாசி முதல் சனி. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மனைவியின் பெரியம்மா வீட்டில் படையல். இங்கே நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் புரட்டாசியில் கறி, மீன் வாசலைத் தாண்டாது. அதற்காக வெள்ளி மதியம் கிளம்பினோம். 570 கிலோமீட்டர், ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. ஹாரிஸ்மித் தாண்டியதும் மழை பனியாக மாறியது. முன்னால் லாரிகள் சறுக்கிக் குறுக்கே நிற்க, வண்டிகள் அப்படியே உறைந்து நின்றன. அந்த வார இறுதிப் பனிப்பொழிவு நாடு முழுக்கச் செய்தியானது, உங்களுக்கும் நினைவிருக்கும். என் மகள் முதல் ஒரு மணி நேரம் குதித்தாள். அப்புறம் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மணிக்குப் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டோம். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைக் கையால் வழித்துவிட்டேன். குழாய் அடைத்தால் விஷவாயு உள்ளே வரும், அதற்கு வாசனைகூடக் கிடையாது. நள்ளிரவுக்கு மேல் பெட்ரோலுக்குப் பயந்து இன்ஜினை நிறுத்தினேன். ஹசார்ட் விளக்கை அணைக்கவில்லை. விடியும்போது பேட்டரி செத்துக் கிடந்தது. அது என் முட்டாள்தனம், கடைக்காரர் மேல் பழி இல்லை.

பின்னால் ஒரு பக்கி நின்றது, பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். அதிலிருந்த ஆப்பிரிக்கானர் (டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர்) பெரியவர், தன் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து என் வண்டியைக் கிளப்ப முன்வந்தார். நான் பெருமையாகச் சிவப்புப் பையைத் திறந்தேன். கேபிள் என் சுண்டுவிரல் பருமன், மேலே '600 ஆம்ப்' என்று அச்சு. மாட்டிச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். மூன்றாவது தடவை கிளிப்பிலிருந்து புகை வந்தது. பிளாஸ்டிக் இளகி என் கையுறையில் ஒட்டிக்கொண்டது. பெரியவர் கேபிளைக் கழற்றி, பேனாக்கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினார். சுற்றிலும் அழிரப்பர் மாதிரி கனத்த ரப்பர். நடுவில் தீக்குச்சி அளவுகூட இல்லாத கம்பிக் கொத்து. கத்தி முனையால் ஓர் இழையைச் சுரண்டினார்: மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்.

அவர் தன் கேபிளை எடுத்துவந்து முதலில் என் கையில் கொடுத்தார். பாம்பு மாதிரி கனம். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது.

கயிறுதான் இன்னும் மோசம். ஓரத்தில் புதைந்திருந்த என் காரை அவர் பக்கியால் மெல்ல இழுத்தபோது, '5 டன்' என்று எழுதியிருந்த அந்தக் கயிற்றின் தையல் பிரிந்து, கொக்கி பறந்துவந்து என் நம்பர் பிளேட்டைப் பிளந்தது. அந்த இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் மகள் நின்றிருந்தாள். டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து பூத்திருந்தது, பிளாஸ்திரி ஒட்டவில்லை, முக்கோணம் காற்றில் நிற்கவில்லை. தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள்ளும் இல்லை, எஸ்.ஏ.என்.எஸ் 1910 என்ற தென்னாப்பிரிக்கத் தர முத்திரையும் இல்லை. நல்லவேளை, அதற்கு வேலை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சாட்ஸ்வர்த் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா வடையை எடுத்து வைத்திருந்தார்.

திரும்பி வந்ததும் வெட்டிய கேபிளோடு கடைக்குப் போனேன். 'தள்ளுபடிப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று கேட்கும் உரிமை வாங்கியவருடையது. இதை நான் சொன்னதும் மனிதர் பதறவே இல்லை. என் ரசீதை வாங்கிப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார். மார்ச், ஏப்ரல், மே... 'செவன் மந்த்ஸ், பிரதர்.' டிக்கியில் தூங்கும் பொருளை யாரும் ஆறு மாதத்துக்குள் பிரிப்பதில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த வியாபாரமே அதன் மேல்தான் நடக்கிறது.

ஆகவே வாங்கினால் கடை வாசலிலேயே பிரியுங்கள். கேபிளைக் கையில் எடை பாருங்கள், ஓர் இழையைச் சுரண்டுங்கள். முக்கோணத்தில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து, அதாவது தர முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அதை வண்டியிலிருந்து குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அத்தனை தூரத்தில் காற்றுக்கு விழுந்தால் யாருக்கு லாபம்? வீல் ஸ்பேனர் உங்கள் நட்டில் உட்காருகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பூட்டு நட் இருந்தால் அதன் சாவி எங்கே என்பதையும். நான் இப்போது பையாக வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மினுமினுப் போர்வைக்குப் பதில் இரண்டு கம்பளிப் போர்வை. என்3இன் இலவச உதவி எண் 0800 63 4357 டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி, 'அண்ணே, உங்க ரிவ்யூவைப் பார்த்துத்தான் நானும் அதே பை வாங்கினேன்' என்றான். ஐந்து நட்சத்திரத்தை நான் எடுக்கவே மறந்திருந்தேன். அன்று மதியமே பார்க்கிங்கில் வைத்து அவன் பையைப் பிரித்தோம். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ரசீதும் வைத்திருந்தான். சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போகிறோம்.