மலையேறும் கேரவனில் ஃபிரிட்ஜ்: தகடா, விசிறியா, கம்ப்ரசரா?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சாலைவழித் தொலைவு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் சுமார் 325 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, அதற்குள் 2,240 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்தில் வெப்பநிலை 36, 37 டிகிரியைத் தொடும். அதே நாள் மாலை உதகையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியாது. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவோருக்கும் இதே நிலைதான். மலைக்குத்தானே போகிறோம் என்று ஃபிரிட்ஜின் காற்றோட்டத்தைக் கவனிக்காமல் விடுபவர்களின் தயிரும் இட்லி மாவும், வண்டி அடிவார வெயிலில் நிற்கும்போதே புளித்துவிடுகின்றன. ஆகவே எந்த ஏற்பாட்டையும் முதலில் அடிவாரத்து வெயிலுக்கு ஈடுகொடுக்குமா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மலையின் குளிருக்கும் சரிவுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

கேரவன்களில் பொதுவாக இரண்டு வகை ஃபிரிட்ஜ்கள் உண்டு. முதலாவது, கேஸ் சுடரின் வெப்பத்தாலோ மின்வெப்பத்தாலோ அம்மோனியாவைச் சுழலவைத்துக் குளிரூட்டும் கேஸ் ஃபிரிட்ஜ். 1922-ல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் உருவாக்கிய இந்த முறையில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, சத்தமும் இல்லை. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை முதுகுப்புறத்துக் குழாய்களும் அவற்றின்மேல் உள்ள மெல்லிய உலோகச் செதில்களும் வெளியேற்றுகின்றன. வண்டிச் சுவரின் கீழ்த்துளை வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடாகி, மேல்துளை வழியாக வெளியேறினால்தான் அது நடக்கும். இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்.

கேஸ் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது விசிறியைத்தான். என் கருத்தில் அதற்கு முன் காற்றைத் திருப்பிவிடும் தகட்டைப் பார்க்க வேண்டும். செதில்களுக்கும் வண்டியின் சுவருக்கும் இடையே 25 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், மேலேறும் காற்று செதில்களைத் தொடாமல் சுவரோரமாகவே தப்பிப் போய்விடும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்த்துளையருகே பிடித்துப் பாருங்கள். (கேஸையும் சிலிண்டரையும் மூடிவிட்டு, ஃபிரிட்ஜை வெளி மின்சாரத்தில் ஓடவிட்டு, முதுகுப்புறம் நன்றாகச் சூடேறிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.) புகை உள்ளே இழுபட்டு மேல்துளையில் சீராக வெளிவந்தால் காற்றுவழி திறந்திருக்கிறது என்று பொருள்; மேலே தேங்கி, சுழன்று, மீண்டும் கீழேயே வந்தால் இடைவெளிதான் குற்றவாளி. ஓர் அலுமினியத் தகட்டைச் சாய்வாக வளைத்துச் சுவரோர இடைவெளியை அடைத்து, காற்றைச் செதில்களின் பக்கம் திருப்பிவிட்டால், மின்சாரச் செலவு ஏதுமின்றி நல்ல பலன் கிடைக்கும். தெர்மாகோலை வெட்டிச் செருகுவது வேண்டாம். புகைக்குழாயின் சூட்டில் அது தீப்பற்றக்கூடும்.

தகடு வைத்த பிறகும் அடிவார வெயிலில் தடுமாறினால் விசிறி தேவைதான். அதைக் கீழ்த்துளையில் வைத்து உள்ளே ஊதவிடுவது எளிது; குளிர்ந்த காற்றில் இருப்பதால் விசிறியும் நீண்டநாள் உழைக்கும். ஆனால் கேஸ் சுடர் எரியும் பர்னர் அங்கேதான் இருக்கிறது. வீசும் காற்று சுடரை அலைக்கழிக்கும், சில நேரம் அணைத்தும் விடும். மேல்துளையில் வைத்து வெளியே இழுக்கவிட்டால் சுடருக்குத் தொல்லை இல்லை என்றாலும், விசிறி எந்நேரமும் சூட்டிலேயே கிடக்கும். மலைச்சாரல் சாய்ந்தடிக்கும்போது மழைநீரும் அதன்மேல்தான் விழும். எனவே மேல்வரிசைச் செதில்களுக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கி வீசும்படி, 12 வோல்ட்டில் ஓடும் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். செதில் குறிப்பிட்ட அளவு சூடானதும் தானே இயங்கும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துவிட்டால், குன்னூர் தாண்டியதும் விசிறி பெரும்பாலும் தானாக ஓய்ந்துவிடும்.

அது ஓய்வதற்குக் காரணம் உண்டு. மேல்துளை, கீழ்த்துளை இரண்டுக்கும் இடையேயான இயற்கை இழுப்பு, உள்ளே சூடான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. மலையில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் விசிறியின் துணையின்றியே இழுப்பு போதுமானதாக இருக்கும். ஆனால் உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சுடருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. அதனால் பற்றவைப்பது சிரமமாகலாம், புகைக்கரியும் படியலாம். மலையில் தங்கும்போது வெளி மின்இணைப்பு கிடைத்தால் கேஸை நிறுத்திவிட்டு அதில் ஓட்டுவதே நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் சரிவு. கேஸ் ஃபிரிட்ஜுக்குள் திரவம் தன் எடையால்தான் கீழிறங்குகிறது. வண்டி ஓடும்போது ஏற்படும் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் சரிவில் நிறுத்திவைத்து மணிக்கணக்கில் ஓட்டினால் திரவம் ஒரு மூலையில் தேங்கி, அதைச் சூடாக்கும் கொதிகலன் அளவுமீறிச் சூடாகி, குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். எத்தனை விசிறி வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. குன்னூரிலோ கொடைக்கானலிலோ சமதளமான இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் விளங்கும்.

இந்த இடத்தில்தான் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் முந்துகிறது. சரிவை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. சுடர் இல்லாததால் உயரமும் ஒரு பொருட்டல்ல. அடிவார வெயிலிலும் விரைவாகக் குளிரும். ஓடும்போது 40 முதல் 60 வாட் வரை இழுக்கும்; அதுவும் விட்டுவிட்டுத்தான். ஆனால் அதற்கும் காற்றோட்டம் வேண்டும் என்பது பலருக்கும் மறந்துவிடுகிறது. அலமாரிக்குள் நெருக்கி வைத்துவிட்டால், அது வெளியே தள்ளும் சூடான காற்றையே மறுபடி உள்ளிழுத்து ஓயாமல் ஓடும். காற்று நுழையும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே ஒரு பலகையை நிறுத்தினால் போதும், இது தீர்ந்துவிடும். இதன் உண்மையான பலவீனம் மின்சாரம்தான். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி சூழ்ந்திருந்தால் சூரியத் தகட்டை நம்ப முடியாது. வண்டியும் ஒரே இடத்தில் நின்றால் பேட்டரி வற்றிவிடும்.

புதிதாக வண்டி கட்டுபவர், மலையையே மனத்தில் வைத்திருந்தால், கம்ப்ரசரையே வாங்கட்டும். ஏற்கெனவே கேஸ் ஃபிரிட்ஜ் இருப்பவர் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. தகடு, விசிறி என்ற வரிசையில் செய்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் இரண்டுக்கும் முன்னதாக, ஃபிரிட்ஜின் முதுகுப்புறம் படுக்கும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிருக்காக ஜன்னல்களையெல்லாம் மூடிக்கொண்டு தூங்குவது மலையில் வழக்கம். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் இந்த மலைகளிலிருந்தே வந்திருக்கின்றன. பர்னரின் புகை ஒரு சிறு இடுக்கு வழியாக உள்ளே கசிந்தாலும் அதே கார்பன் மோனாக்சைடுதான். இடுக்குகளைச் சூடு தாங்கும் பூச்சால் அடைத்து, படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் மாட்டிய பிறகே விசிறியின் திருகைக் கையில் எடுங்கள்.