டர்பன் கடைக்கு எந்த சிஆர்எம்? ஜோஹோவும் ஹப்ஸ்பாட்டும் வருடக்கணக்கில் ஓடியபின்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் டைல்ஸ், பெயின்ட், குழாய்ச் சாமான் விற்கிற கடைக்கு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது மாதக் கட்டணத்தையும் டாஷ்போர்டையும்தான். வருடம் ஓட ஓடப் பாடாய்ப்படுத்துவது வேறு: ஒரே வாடிக்கையாளர் மூன்று பதிவாக நிற்பார். கொட்டேஷன் ஒன்றில், போனில் பேசிய குறிப்பு இன்னொன்றில், டெபாசிட் கட்டிய விவரம் மூன்றாவதில். கவுண்டரில் இருப்பவர் எதைத் திறந்தாலும் அரைகுறை விவரம்தான். ஆகவே ஒரு சிஆர்எம் ஆளை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பதே முதல் கேள்வி.

இங்கே ஒப்பிடும் இரண்டு சிஆர்எம்களில், ஹப்ஸ்பாட் இயல்பாக மின்னஞ்சலை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிகிறது. நிறுவனங்களை இணையதள முகவரியை வைத்து. அலுவலகங்களுக்கு விற்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) வந்து சிமென்ட் ஏற்றிக்கொண்டு போகிற கான்ட்ராக்டர் போன் நம்பர்தான் தருவார், மின்னஞ்சல் தரமாட்டார். மின்னஞ்சல் இல்லாத பட்டியலை இரண்டாம் முறை சிஆர்எம்முக்குள் இறக்கினால் (இம்போர்ட் செய்தால்) அத்தனை பேரும் மறுபடி புதிதாக உள்ளே வந்துவிடுவார்கள். பெயரை வைத்துச் சேர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று ஒரே குடும்பப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிற ஊர் இது.

ஜோஹோவில் போன் புலத்தை (நம்பர் நிரப்பும் கட்டத்தை) 'ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது' என்று பூட்டலாம். பட்டியலை இறக்கும்போதும் எந்தப் புலத்தை வைத்து ஒப்பிடுவது என்று நாமே சொல்லலாம். ஆனால் அதில் போன், மொபைல் என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. ஊழியர் ஒருவர் இதில் போடுவார், மற்றவர் அதில் போடுவார், பூட்டு ஒன்றில் மட்டும் இருக்கும். மொபைலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எண் புலங்களை லேஅவுட்டிலிருந்து (பதிவுத் திரையிலிருந்து) எடுத்துவிடுங்கள். லீட்ஸ் (விசாரித்த புதியவர்கள்), கான்டாக்ட்ஸ் (வாடிக்கையாளர்கள்) இரண்டும் தனித்தனி மாட்யூல்கள், அதாவது தனித்தனிப் பகுதிகள், என்பதால் பழைய வாடிக்கையாளரே லீடாக மறுபடி நுழைய வழி உண்டு. சில்லறைக் கடைக்கு லீட்ஸே வேண்டாம், நேரே கான்டாக்டில் பதியலாம். மேஸ்திரியும் முதலாளியும் ஒரே நம்பரைத் தந்தால் பூட்டு இரண்டாவது பதிவைச் சேமிக்க விடாது. அப்போது பூட்டைத் திறக்காதீர்கள். கம்பெனியை அக்கவுண்டாக (நிறுவனப் பதிவாக) வைத்து, நம்பருக்கு உரியவரை அதன் கீழே போட்டு, மற்றவர் பெயரைக் குறிப்பில் எழுதினால் போதும்.

போன் நம்பர் ஒரே வடிவத்தில் இல்லாவிட்டால் எந்தப் பூட்டும் பிடிக்காது. தென்னாப்பிரிக்க நம்பர் 0-வில் தொடங்கும் 10 இலக்கம். எக்செலில் சாதாரணமாகத் தட்டினால் முன்னால் உள்ள 0 போய்விடும். நாட்டுக் குறியீடான +27 சேர்த்துச் சரியாகச் சேமித்த சிஎஸ்வி கோப்பையும் (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பு) இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு கூட்டல் குறியை விழுங்கிவிடும். டேட்டா மெனு வழியாகத் திறந்து, அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். பிறகு இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கி, ரைட் ஃபங்ஷனால் கடைசி 9 இலக்கத்தை எடுத்து, முன்னால் +27 சேருங்கள். 9 இலக்கம் தேறாத வரிகளைத் தனியே ஒதுக்குங்கள். முதலில் 50 வரிகளை மட்டும் இறக்கி, அதே 50-ஐ இன்னொரு முறை இறக்கிப் பாருங்கள். எண்ணிக்கை 50-லேயே நின்றால் மீதியை இறக்கலாம்.

விலையில், ஜோஹோ 3 பேர் வரை இலவசம். தானியங்கி விதிகள் அதன் கீழ்நிலைக் கட்டணத் திட்டத்திலேயே கிடைக்கின்றன. ஹப்ஸ்பாட்டின் இலவசப் பதிப்பு பழகுவதற்கு எளிது, திரையும் தெளிவு. ஆனால் முழுமையான வொர்க்ஃப்ளோ (தானியங்கி விதிகள்) வேண்டுமென்றால் ப்ரொஃபஷனல் திட்டத்துக்குத் தாவ வேண்டும், அங்கே கட்டணம் பல மடங்கு. அதன் மார்க்கெட்டிங் பகுதி தொடர்புகளின் எண்ணிக்கையை வைத்தும் கட்டணம் போடும். எனவே நாம் விளம்பரம் அனுப்பத் தேவையில்லாதவர்களை 'நான்-மார்க்கெட்டிங்' என்று குறித்துவைப்பது அவசியம். டாலரில் பில் வரும் எந்தச் சேவைக்கும் ராண்ட் சரிந்தால் தாங்கும்படி பட்ஜெட்டில் கொஞ்சம் இடம் விடுங்கள். இன்னொரு சிஆர்எம்மான சேல்ஸ்ஃபோர்ஸ் பெரிய நிறுவனத்துக்கானது. அதைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும்.

வாட்ஸ்அப்பை இரண்டோடும் இணைக்கலாம். ஆனால் ஏபிஐ வழியில் (மென்பொருள் நேரே வாட்ஸ்அப்போடு பேசும் வழியில்) வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நம் விருப்பப்படி பதில் எழுத முடியும். வெள்ளி மாலை நாலு மணிக்கு விலை கேட்டவருக்குத் திங்கட்கிழமை எழுத வேண்டுமானால் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்தான் (ஆயத்தச் செய்திதான்) போகும். 'உங்கள் கொட்டேஷன் தயார்', 'சரக்கு வந்துவிட்டது' என்ற இரண்டையாவது முதல் வாரத்திலேயே அனுமதிக்கு அனுப்பிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பொப்பியாவை (POPIA) 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். 2021 ஜூலை 1 முதல் அது முழு நடைமுறையில் இருக்கிறது, நிர்வாக அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். அதன் 69-ஆம் பிரிவின்படி, நம்மிடம் வாங்காதவருக்கு மின்னணு விளம்பரம் அனுப்ப அவர் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தையும் ஒரு முறைதான் கேட்கலாம். வாங்கியவருக்கு அதே வகைப் பொருளைப் பற்றி அனுப்பலாம், ஆனால் நம்பர் வாங்கும்போதும், ஒவ்வொரு செய்தியிலும், வேண்டாம் என்று சொல்ல வழி தந்திருக்க வேண்டும். ஆகவே சம்மதம், தேதி, எப்படித் தந்தார், 'கேட்டாயிற்று' என்று நான்கு புலங்களை முதல் நாளே சேருங்கள். ஆயிரம் பதிவு சேர்ந்தபின் இந்த விவரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழில் விடுமுறைக்குப் போனால் ஜனவரி தொடக்கம் வரை சைட் எல்லாம் மூடியிருக்கும். 'கொட்டேஷன் அனுப்பி 3 நாளில் ஃபாலோ-அப்' என்ற விதி அது தெரியாமல் டாஸ்க்குகளைக் குவிக்கும். ஜனவரியில் ஊழியர் அத்தனையையும் ஒரே மூச்சில் 'முடிந்தது' என்று தட்டிவிடுவார், உண்மையான ஆர்டரும் அதோடு போய்விடும். விதியை டிசம்பர் முதல் வாரத்திலேயே நிறுத்தி, நிலுவையில் உள்ள கொட்டேஷன்களுக்கு ஜனவரி இரண்டாம் வாரத் தேதியைக் கையால் போடுங்கள்.

மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்தால் குறிப்புகளும் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம். ஜோஹோவில் நோட்ஸ் தனியாக ஏற்றுமதியாகும். இரண்டு கோப்பிலும் பதிவு ஐடி பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்தக் குறிப்பு யாருடையது என்று பின்னால் பொருத்த முடியாது.