பாடநூலா, வாவிக்கரையா? எட்டாம், ஒன்பதாம் தரங்களில் காலநிலை மாற்றம்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தைக் கற்பிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விஞ்ஞானம், புவியியல் பாடநூல்களின் வழியே, காபனீரொட்சைட்டு போன்ற வாயுக்கள் வளியில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பச்சைவீட்டு விளைவிலிருந்து தொடங்குவது. மற்றையது, வாவியிலும் வயலிலும் கடற்கரையிலும் பிள்ளைகளே அளந்து பதிந்து, அங்கிருந்து கோட்பாட்டை நோக்கிச் செல்வது. சுற்றாடல் தினமான ஜூன் 5 அன்று மரம் நடுவதைச் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்வர். ஆனால் அந்நாள் இங்கே கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் வருவதால், தொடர்ந்து நீரூற்ற ஆளில்லாத கன்று பட்டுப்போகிறது.

பாடநூலின் பலம், அது காரணத்தைச் சொல்வதாகும். தொழிற்புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பகுதியாக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டியிருப்பதை எந்த வாவிக்கரையில் நின்றாலும் காண முடியாது. பேருந்துக் கட்டணமோ பெற்றோரின் அனுமதிக் கடிதமோ இன்றி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கடைசிப் பாடசாலை வரை இந்த அறிவைக் கொண்டுசெல்லவும் பாடநூலால் முடியும். ஆனால் உருகும் பனிப்பாறையில் தொடங்கும் பாடத்தைத் தன் தகப்பனின் வயலோடு இணைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு வழி கிடைப்பதில்லை.

அளவீட்டு வழிக்குப் பெரிய செலவில்லை. சோடாப் போத்தலொன்றின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடிவளைவு மூடும்வரை சிறுகற்களும் நீரும் இட்டு, அந்த நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு வெளியே மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி ஆயத்தமாகிவிடும். காலை 8.30க்கு இருவர் சென்று வாசித்துக் கொப்பியில் எழுதுவர். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும் இந்த மண்ணில், அவ்வெண்களுக்கு அருகே மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் விதைப்பு நாளையும், வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டப்பட்ட நாளையும் எழுதும் பிள்ளை, மழை எவ்வளவு பெய்தது என்பதைப் போலவே எப்போது பெய்தது என்பதும் முக்கியம் என்பதைத் தானே உணர்கிறது.

எனினும் இந்த வழியில் ஆபத்தும் உண்டு, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. சுனாமியும் காலநிலை மாற்றத்தால்தான் வந்ததா என்று வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். 2004இல் வந்தது நிலநடுக்கத்தின் விளைவு. அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் கரை அரிக்கப்பட்டதில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்தது பெரும் காரணம். 1978 நவம்பரின் சூறாவளியையோ 2011 ஜனவரியின் வெள்ளத்தையோ தனியே எடுத்து எதற்கும் சான்றாக்க இயலாது. மூன்று மாதக் கொப்பி வானிலையை மட்டுமே காட்டும். காலநிலை என்று பேசுவதற்கு முப்பது ஆண்டுப் பதிவாவது வேண்டும். இவற்றைப் பிரித்துக் காட்டாத ஆசிரியர், கண்ட அழிவுகளையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டிப் பிள்ளைகளின் தலையில் அச்சமாக ஏற்றிவிடுவார்.

ஆகவே அளவீட்டை முதலிலும் பாடநூலை அதன் பின்னும் வைப்பதையே நான் தெரிவுசெய்வேன். பத்தாம் தரத்தில் புவியியல் விருப்பப் பாடமாகிவிடுவதால் இதற்கு எட்டும் ஒன்பதுமே பொருத்தமான தரங்கள். ஐப்பசியில் மழைமானியை நட்டு, மாரி ஓய்ந்ததும் அந்தக் கொப்பியை வளிமண்டலவியல் திணைக்களத்தின் நீண்டகாலப் பதிவுக்கு அருகே விரித்து வைத்த பிறகே, காபனீரொட்சைட்டுப் பாடத்தைத் திறக்க வேண்டும்.