ஸ்கலாரேயா, ஆல்டமா?

ஸ்கலாரே, ஆல்டம் இரண்டும் தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல் மீனின் இரு இனங்கள். கடையில் விற்கும் ஏஞ்சல் மீன்களில் பெரும்பாலானவை ஸ்கலாரே வழியில் வந்தவைதான். ‘ஆல்டம்’ என்று பெயர் எழுதி விலையை ஏற்றியிருந்தால், முதலில் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆல்டத்துக்கு மேலுதட்டை ஒட்டி, நெற்றி தொடங்கும் இடத்தில், ஆழமான ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து நெற்றி செங்குத்தாக ஏறும். ஸ்கலாரேயின் நெற்றியோ வாயிலிருந்து சரிவாக மேலே போகும். இருக்கிற அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். நன்றாக வளர்ந்த ஸ்கலாரேயும் உயரமாகவே தெரியும். ஆல்டத்தின் செதில்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மீனில் யார் எண்ணுவது? பட்டைகள் ஆல்டத்தில் செம்பழுப்பாகவும் ஸ்கலாரேயில் கறுப்பாகவும் இருப்பது வழக்கம். ஆனால் மிரண்ட மீனில் நிறமே மங்கிவிடும்.

பிடிபட்ட இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆல்டம், தென் அமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றின் மேல்பகுதியிலும் ரியோ நீக்ரோ ஆற்றின் மேல்பகுதியிலும் வாழ்கிறது. கொலம்பியாவின் இனிரிடா ஆறு அதற்குப் பேர்போனது. ஸ்கலாரே பெரு முதல் பிரேசில் வரை அமேசான் படுகையில் பரவலாக உண்டு. அப்புறம், ‘பெருவியன் ஆல்டம்’ என்று விற்பதும் ஸ்கலாரேதான்.

புதிதாக வளர்ப்பவர் ஸ்கலாரேயையே வாங்கலாம். ஆல்டத்துக்கு மிக மென்மையான (கரைந்த உப்புகள் குறைந்த), அமிலத்தன்மையுள்ள, 28 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும்.