எந்தப் பக்கம் வெளியே வருவது? பாசல்–முலூஸ் விமான நிலையத்தில் எங்கள் அனுபவம்

நாங்கள் இருப்பது ஜேர்மனியின் ஓரத்தில், வைல் அம் ரைனில். மனைவிக்கு வேலை சுவிஸில், பாசலில். லண்டனுக்கோ வேறெங்கோ பறப்பதென்றால் போவது பிரான்சுக்கு. மூன்று நாடும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் ஊர் இது. பன்னிரண்டு வருடமாக யூரோஏர்போர்ட் என்கிற இந்த பாசல்–முலூஸ் விமான நிலையத்தைத்தான் பாவிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விமான நிலையம் இருப்பது முழுக்க பிரான்ஸ் மண்ணில். நடத்துவது பிரான்சும் சுவிஸும் சேர்ந்து, 1949-இல் செய்த ஒப்பந்தப்படி. ஓடுபாதைகள் பொது, கட்டடம் ஒன்று. ஆனால் உள்ளே சுவிஸ் பக்கம், பிரான்ஸ் பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு பிஎஸ்எல் என்று இருந்தாலும் எம்எல்எச் என்று இருந்தாலும் இறங்குவது அதே இடத்தில்தான். சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்: ஒரு வழி சுவிஸுக்கு, மற்றது பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும்.

எங்கள் சித்தி முதல்முறை லண்டனிலிருந்து வந்தபோது இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். காரை பிரான்ஸ் பக்கம் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறேன். அழைப்பு வந்தது.

"தம்பி, நான் வெளியில நிக்கிறன், உன்னைக் காணேல்லை."

"நானும் வெளியிலதான் நிக்கிறன் சித்தி. முன்னால என்ன தெரியுது?"

"பச்சை பஸ் ஒண்டு நிக்குது."

அப்போதுதான் விளங்கியது. பச்சை பஸ் என்றால் பாசல் நகரப் பேருந்து, 50-ஆம் இலக்கம். சித்தி சுவிஸ் பக்கம் வந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. மாடிக்கு ஏறி, புறப்படும் தளம் வழியாக மறுபக்கம் நடந்து வரலாம். கடவுச்சீட்டை மட்டும் கையில் வைத்திருக்க வேண்டும், சுங்கத்தில் நிறுத்திக் கேட்கக்கூடும். ஆனால் இரண்டு பெட்டியும் முழங்கால் வலியுமாக வந்த சித்திக்கு அந்த நடை பெரிய பாடாகிவிட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் ஏறும் முன்பே "பிரான்ஸ் பக்கம்" என்று செய்தி போட்டுவிடுவோம்.

நடந்து மாறலாம், காரால் மாற முடியாது. முக்கியமான விஷயம் இதுதான். சுவிஸ் பக்கத்துக்குப் போகும் வீதி பாசலிலிருந்து வேலி போட்டு வருகிறது. பிரான்ஸ் மண்ணுக்குள் ஓடினாலும் நடுவில் எங்கும் பிரான்சுக்குள் இறங்க வழியில்லை. பக்கம் மாறி வந்துவிட்டால் மறுபடி பாசலுக்குப் போய், எல்லை தாண்டிச் சுற்றித்தான் வர வேண்டும்.

என் மச்சான் ஒஸ்லோவிலிருந்து வந்தபோது இதில் நன்றாக அகப்பட்டார். வாடகைக் கார் பிரான்ஸ் பக்கம் மலிவு என்று அங்கே எடுத்தார். போனதோ லுசேர்னுக்கு. அந்தக் காருக்கு சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓடக் கட்டணம் கட்டியதைக் காட்டும் விக்னெட் இல்லை, 40 பிராங் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. திரும்பும் நாளில் பாசலில் பிளேன் படம் போட்ட பலகையைப் பார்த்தபடியே ஓட்டி, நேராக சுவிஸ் பக்கம் வந்து நின்றார். காரை ஒப்படைக்கும் இடம் சுவருக்கு அந்தப் புறம். விமானத்தைப் பிடித்தது மயிரிழையில். சுவிஸுக்குள் ஓடப் போகிறவர்கள் சுவிஸ் பக்கமே எடுங்கள், விலை வித்தியாசத்தை விக்னெட்டும் அலைச்சலும் தின்றுவிடும். பிரான்சின் அல்சாசுக்கோ ஜேர்மனியின் கருங்காட்டுக்கோ போகிறவர்களுக்கு பிரான்ஸ் பக்கம்தான் சரி.

சரி, கார் நிறுத்துவது. பிரான்ஸ் பக்கத்துத் தரிப்பிடங்களின் பெயர் எஃப் என்றும் சுவிஸ் பக்கத்தவை எஸ் என்றும் தொடங்கும். எங்களுக்கு எப்போதும் எஃப்தான். வைலிலிருந்து பால்ம்ரைன் பாலத்தால் ரைனைத் தாண்டினால் நேரே பிரான்ஸ்; சுவிஸ் நெடுஞ்சாலையைத் தொடாததால் விக்னெட் தேவையில்லை. கட்டடத்துக்குப் பக்கத்தில் உள்ள இடங்கள் ஓரிரு நாளுக்குத்தான் கட்டுப்படியாகும். ஒரு வாரம் என்றால் தள்ளி இருக்கும் இடத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுவேன். வாசலில் வந்து சீட்டு எடுப்பதை விட எனக்கு எப்போதும் குறைவாகவே வந்திருக்கிறது. திறந்த வெளி என்பதால் சனவரியில் திரும்பி வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருக்கும். சுரண்டியை காருக்குள்ளேயே வையுங்கள், பெட்டிக்குள் வைத்துப் பறந்துவிடாதீர்கள்.

இடம் எப்போது நிரம்பும் என்பதற்கு ஒரு நாட்டின் நாட்காட்டி போதாது. பாசல் பிள்ளைகளுக்கு பஸ்நாக்ட் என்கிற திருவிழாக் காலத்தில் இரண்டு வாரம் லீவு, எங்கள் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலப் பிள்ளைகளுக்கு மே கடைசியிலோ யூனிலோ பெந்தெகொஸ்தே விடுமுறை, அல்சாசுக்கு அதன் சொந்தத் தேதிகள். ஒரு தடவை "எங்களுக்கு லீவு இல்லையே" என்று பதியாமல் போய், இருபது நிமிடம் சுற்றினேன்.

காரே வேண்டாம் என்றால் அதுவும் கஷ்டமில்லை. 2014 கடைசியிலிருந்து 8-ஆம் இலக்க டிராம் வைல் வரை வருகிறது. அதில் பாசல் எஸ்பிபி ரயில் நிலையம், அங்கிருந்து 50-ஆம் இலக்க பஸ்ஸில் ஏறத்தாழ இருபது நிமிடம். பாசல் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு முன்பதிவு உறுதிச்சீட்டே இந்த பஸ்ஸுக்கு டிக்கெட். நாங்கள் இருவர் மட்டும், கைப்பெட்டியோடு போகும்போது இப்படித்தான் போவோம். பிள்ளைகளோடு என்றால் கார்தான். விமான நிலையத்துக்கு ரயில் பாதை போடும் திட்டம் வெகு காலமாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் முதல் ஆளாக காரை வீட்டில் விடுவேன்.

அப்புறம் கைபேசி. நிற்பது பிரான்சில் என்றாலும் அங்கே சுவிஸ் அலைவரிசை பலமாக வரும். ஐரோப்பிய ஒன்றிய ரோமிங்குக்குள் சுவிஸ் இல்லை. தரையிறங்கியதும் ஒரு படம் அனுப்பி, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அதிர்ந்திருக்கிறேன். வலையமைப்பைத் தானாகத் தெரிவு செய்வதை நிறுத்தி, பிரான்ஸ் நிறுவனம் ஒன்றைக் கையால் தெரிவு செய்யுங்கள். வேலைநிறுத்தச் செய்திகளையும் பாருங்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு பிரான்சிடம் இருப்பதால், அங்கே கட்டுப்பாட்டாளர்கள் வேலையை நிறுத்தினால் பாசல்காரர்களின் பயணமும் நிற்கும்.

2024 செப்டெம்பரிலிருந்து ஜேர்மனி எல்லாத் தரை எல்லைகளிலும் மறுபடி சோதிக்கத் தொடங்கியது. பால்ம்ரைன் பாலத்தடியில் மறித்தால் எல்லோருடைய அடையாள அட்டையும் தேவை, பின்னால் தூங்கும் பிள்ளைகளுடையதும்.

சித்தி இந்த நத்தாருக்கும் வருகிறார், சனிக்கிழமை மதியம். எஃப் பக்கத்தில் இடம் பதிந்தாயிற்று.