அடிமாவு ஆப்பமும் ஒரு கட்டு வாழையிலையும்

கடைக்குப் பெயர் கிடையாது. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், 1833ஆம் ஆண்டுக் கோயிலான குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு பின்சந்தில் இருக்கும் ஒட்டுக்கடை. மூன்று மேசை, இரண்டு கரியடுப்பு, ஓர் அக்கா. ஆப்பம் மட்டும்தான். நானாகத் தேடிப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. எப்படிப் போனேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிள்ளான்காரர்கள். மகளின் பள்ளி விடுமுறையில், தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் மாமா வீட்டில் தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, தீவுக்குப் போக ஃபெரிக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும். கையில் ஈரச்சாக்கில் சுற்றிய வாழையிலைக் கட்டு. கட்டணம் கட்டும் அவருடைய டச் அண்ட் கோ கார்டில் காசு தீர்ந்துவிட்டது போல. வைத்து வைத்துப் பார்க்கிறார், கதவு திறக்கவில்லை. பின்னால் மோட்டார் ஹெல்மெட்டோடு நின்ற பையன் 'ச்ச்' கொட்டினான். உண்மையைச் சொன்னால் எனக்கும் பொறுமை இல்லை. ஃபெரி போய்விடுமே என்ற அவசரத்தில்தான் என் வங்கிக் கார்டை அவருக்காகத் தட்டினேன். இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்து சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டார். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில எத்தனை பந்தல்ல ஓசியில மோர் குடிச்சிருக்கேன், அதுக்கெல்லாம் யார் காசு கேட்டா? வையுங்கய்யா" என்றேன். சிரித்தார். காசை வைத்துக்கொண்டு இலைக்கட்டை என் மகள் மடியில் வைத்துவிட்டார்!

பயணம் கால் மணி நேரம்கூட இல்லை. அதற்குள் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். பழைய மஞ்சள் ஃபெரிகளில் கயிறு போடும் வேலையாம். 1985இல் பாலம் திறக்கும் வரைக்கும் தீவுக்குக் கார் போக வேறு வழியே கிடையாது, பண்டிகை நாளில் வரிசை ஊருக்குள் நிற்கும் என்றார். இப்போது ஓடும் புதிய ஃபெரிகளில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான், கார் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கிறது. 1988 ஜூலை 31 பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்த நாளைப் பற்றி மகள் கேட்டாள், பள்ளியில் படித்திருக்கிறாளாம். "அன்னிக்கு எனக்கு லீவு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஜெட்டியில் இறங்கியதும், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வாங்க." அவ்வளவுதான். இலைக்கட்டு மகள் கையில், முன்னால் அவர். பீச் ஸ்திரீட்டைத் தாண்டி நடந்து சந்துக்குள் போகும்போது மணி பத்தரை.

சரி, கடைக்கு வருகிறேன். அக்கா நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "முடிஞ்சிருச்சும்மா." அப்புறம்தான் மகள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை நிமிர்த்தினார். பிறகு இன்னும் இரண்டு. பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை ஊரில் பெரியவர் வீட்டுப் பின்னால் வளரும் வாழைதான் இந்தக் கடைக்கு இலையாம், வாராவாரம் கொண்டுவருவார்.

"பானையடியில மிஞ்சின அடிமாவுதான் இருக்கு, புளிச்சிருக்கும்."

"அதுதான் வேணும்" என்றார் பெரியவர்.

அடுப்பில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு இரண்டைப் போட்டு விசிறினார் அக்கா. சின்ன இரும்புச் சட்டி. ஒரு கரண்டி மாவு, ஒரே சுழற்று, மூடி. மூடியைத் திறந்தபோது ஓரம் சரிகை போலச் செம்பழுப்பில் சட்டியை விட்டு விலகி நின்றது, நடுவில் வெள்ளையாகப் பஞ்சு. இப்போது நறுக்கிய இலையில் விழுந்ததும் சூட்டில் இலை வாடி ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். அடிமாவின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தெரிகிறது. தேங்காய்ப்பாலைச் சர்க்கரை குறைவாக வைத்திருக்கிறார், அதனால் அந்தப் புளிப்பு அடிபடவில்லை. முட்டை ஆப்பத்துக்கு நெத்திலி சம்பல். நான் நான்கு, மகள் ஐந்து.

குறைகளும் உண்டு. தே தண்ணீர் ஒரே இனிப்பு. வெயில் மேசைக்கே வந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் இரண்டு சட்டிதான் என்பதால் கூட்டமாகப் போகாதீர்கள். அக்காவிடம் சிரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். தெரிந்தவர் கூட்டி வந்த ஆட்கள் என்று கணக்கில் ஒரு காசும் குறைக்கவில்லை. வெறும் ஆப்பம் 1.80 வெள்ளி, முட்டை ஆப்பம் மூன்று வெள்ளி. எனக்கு அது பிடித்திருந்தது. பெரியவர் தன் பங்கைத் தானே கட்டினார், எண்ணி வைத்த அதே சில்லறையில்.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் போனோம். இந்த முறை எட்டு மணிக்கே. மேல்மாவு ஆப்பம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல. போனால் பத்து மணிக்கு மேல் போய், அடிமாவு என்று கேளுங்கள். இல்லை என்றும் சொல்லலாம்.

இலை மட்டும் சந்தை இலை. அக்கா என்னை நினைவு வைத்திருந்தார் என்பதே காசு கொடுக்கும்போதுதான் தெரிந்தது. பெரியவருக்கு முழங்கால் வலியாம், மூன்று வாரமாக வரவில்லை. "பட்டர்வொர்த்துக்குத்தானே திரும்பிப் போறீங்க? பேரன் ஜெட்டிக்கு வருவான்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஆறு ஆப்பம். அதற்குக் காசு வாங்கவில்லை, என்னிடமும் சரி, அவரிடமும் சரி வாங்க மாட்டார் போல.

ஃபெரியில் பொட்டலம் மகள் மடியில் சூடாக இருந்தது. அக்கரை ஜெட்டியில் பேரனிடம் கொடுக்கும்போது அவன் பிரித்து எண்ணினான். ஐந்துதான் இருந்தது. மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.