மரத்துப்போன காலுக்கு எந்த சென்சர்? எஃப்.எஸ்.ஆர், வெலோஸ்டாட், தெர்மிஸ்டர்

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் காலில் கண்டது, சர்க்கரையால் மரத்த காலுக்கும் அப்படியே பொருந்தும்: வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் புண்ணாகிறது. செருப்பின் உள்ளட்டையான இன்சோலுக்குள் சென்சர் வைப்பவர்கள் துல்லியத்தைப் பார்க்கும் முன், அது காலை உறுத்துமா என்று பார்க்க வேண்டும்.

அழுத்தினால் மின்தடை குறையும் வட்டுச் சென்சரான எஃப்.எஸ்.ஆர் 402 வாங்குவது சுலபம், 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் உடனே எண் வரும். ஆனால் நடக்கும்போது குதிகாலில் 200 கிலோபாஸ்கல் சாதாரணம், 12.7 மி.மீ. வட்டத்தில் அது சுமார் 25 நியூட்டன். டேட்டாஷீட்டில் உள்ள வரம்போ 20 நியூட்டன்தான். விரல் மடியும் கோட்டில் சென்சரின் வால் போன்ற இணைப்புப் பட்டை குறுக்கே போனால் முறிந்துவிடும். உள்வளைவுப் பக்கம் திருப்புங்கள். வட்டின் விளிம்பு உறுத்தாமலிருக்க எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பருக்கு அடியில் வைத்தால், ரப்பர் அழுத்தத்தைப் பரப்பி எண்ணைக் குறைத்துவிடும்.

வெலோஸ்டாட், அழுத்தினால் மின்தடை குறையும் மெல்லிய கறுப்பு ஷீட். ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைப்பவரே கத்தரியால் வெட்டி, மின்சாரம் கடத்தும் இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் தைத்துவிடலாம். முழுப் பரப்பிலும் பசை தடவினால் வேலை செய்யாது. வியர்வை உப்பு உள்ளே போனால் ஷார்ட். ஒரே இடத்தில் நின்றாலே அளவு நகர்ந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்று பார்க்க இது போதும், எச்சரிக்கை தர இதை நம்பக் கூடாது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எங்கள் தேர்வு, சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர். புண் வருமுன் அந்த இடம் சூடாகும். இரண்டு காலிலும் ஒரே புள்ளியை ஒப்பிட்டு 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும். வேலூர் வெயிலில் ரோடு கொதித்தாலும் இரு காலும் சேர்ந்தே சூடாவதால் கணக்கு பெரிதாகக் கெடாது. பைக்கிலிருந்து இறங்கியதும் எடுக்காதீர்கள், சைலன்சர் பக்கத்துக் கால் ஏமாற்றும்.

பெருவிரல், அதன் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, குதிகால் என்று காலுக்கு நான்கு, சிறு மணி வடிவ 10 கிலோஓம் தெர்மிஸ்டர் போதும். 5 சதவீதப் பிழையுள்ள மலிவான மணி ஒவ்வொன்றும் ஒரு டிகிரிக்கு மேல் தவறலாம். இடதும் வலதும் எதிரெதிராகத் தவறினால் 2.2 முழுவதும் அதிலேயே போய்விடும். 1 சதவீத வகையை வாங்கி, எட்டையும் நீர் புகாமல் மூடி, ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, வித்தியாசத்தை ப்ரோகிராமில் கழித்துவிடுங்கள். மணியை ரப்பரில் குழி வெட்டி மேற்பரப்புக்குச் சமமாகப் பதிக்க வேண்டும்.

தொடர்ந்து இரண்டு நாள் அந்த வித்தியாசம் நின்றால் நடையைக் குறைத்து, டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள்.